நடுவில்லாத சுருள்

அத்தியாயம் 4

அந்த அறையில் முழுசாக மிஞ்சியிருந்தது ஓர் இரும்பு அலமாரி மட்டும்தான். கட்டில் இருந்த இடத்தில் நாலு கரிக்கட்டைகள். பக்கத்தில் உருகி நெளிந்த ஆக்ஸிஜன் இயந்திரம். பன்னிரண்டு நாளாகியும் வாசனை போகவில்லை.

இறந்துபோனவரின் மகள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஐம்பது வயது இருக்கும். கதவு நிலையைப் பிடித்தபடி எங்களைப் பார்க்காமல், எங்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அவ வாயால ஒத்துக்கணும் மேடம். அவ்வளவுதான் எனக்கு வேணும். கொளுத்தினேன், மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை. இல்லவே இல்லைன்னு எப்படி சாதிக்கிறா பாருங்க."

'அவ' என்றது அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த வீட்டு நர்ஸை.

'மேடம்' என்றது என் முதலாளியை. மின்சார இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் ஆய்வாளராக இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவர். இன்றைக்கும் டெஸ்டர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். அதனால் ஊருக்கெல்லாம் அவர் டெஸ்டரம்மா. நான் அவருடைய உதவியாளன். முன்பு ஆயுள் காப்பீடு விற்றுக்கொண்டிருந்ததால் என் பெயர் பாலிசி. வாங்கினவர்கள் குறைவு, என் பேச்சைக் கேட்டு ஓடினவர்கள்தான் அதிகம் என்று அவர் சொல்வார். அது உண்மைதான்.

"ரிப்போர்ட்டை வாசி பாலிசி," என்றார் டெஸ்டரம்மா. அவர் ஏற்கனவே தரையில் மண்டியிட்டிருந்தார்.

தீயணைப்பு அதிகாரியின் அறிக்கையை வாசித்தேன். "தீ கட்டிலுக்கு அடியில் தொடங்கியுள்ளது. தரையில் சுருள் வடிவில் கருகிய தடம் காணப்படுகிறது. கொசுவர்த்திச் சுருள் கொளுத்தி வைக்கப்பட்டு, தொங்கிய படுக்கை விரிப்பில் தீ பற்றியிருக்கலாம். ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் வேகமாகப் பரவியது. சமையலறை அலமாரியில் கொசுவர்த்திப் பெட்டி ஒன்று உள்ளது."

"கரன்ட் பத்தி?"

"ரூம் ஹீட்டர் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நிமிர்ந்த நிலையில் இருந்தது. மெயின் ஸ்விட்ச் விழவில்லை. மின்கசிவுக்கான அறிகுறி இல்லை. அவ்வளவுதான் மேடம். கீழே கையெழுத்து. அதுவும் கொசுவர்த்தி மாதிரிதான் இருக்கு."

மகள் முகத்தில் அசைவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

நடந்ததை அவரே சுருக்கமாகச் சொன்னார். அப்பா லாரி ஓட்டினவர். நுரையீரல் போய்விட்டது. படுக்கையோடுதான் இருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடப்பார். மகள் வேலைக்குப் போகிற நேரத்தில் பார்த்துக்கொள்ள மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த நர்ஸை வைத்தார்கள். சம்பவத்தன்று மதியம் இரண்டரை மணிக்கு நர்ஸ் அவரைத் தனியாக விட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது மாடி ஜன்னலில் புகை. அப்பாவை வெளியே இழுத்துப் போட்டுவிட்டாள். ஆனாலும் புகை உள்ளே போய்விட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து கண்ணை மூடினார்.

"இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எஸ்.ஐ. கைது பண்ணிடுவேன்னு சொன்னார். அதுக்கு முன்னாடி அவ ஏன் பொய் சொல்றான்னு எனக்குத் தெரியணும்."

"வேற யாராவது கொசுவர்த்தி கொளுத்துவாங்களா?"

"அப்பா இருக்கிற வீட்டுல ஊதுவத்திகூட கிடையாது மேடம். ஜன்னலுக்குத் திரைகூட வேண்டாம்னு கழட்டிட்டேன். தூசி ஆகாது அவருக்கு." கடிகாரத்தைப் பார்த்தார். "நான் வேலைக்குப் போகணும். இன்னைக்குத்தான் மறுபடி சேர்றேன். அங்க போனை வாங்கி வச்சிருவாங்க, அஞ்சு மணிக்கு மேலதான் கிடைப்பேன்."

"என்ன வேலைங்க?"

"தையல்."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

டெஸ்டரம்மா தரையிலிருந்து எழவில்லை. "பாலிசி, கொசுவர்த்திச் சுருள் எங்க முடியும்?"

"சாம்பல்ல."

"இடத்தைக் கேட்டேன்."

"நடுவுல. தகர ஸ்டாண்டுல குத்தி வைப்போமே, அங்க."

"இதுல நடுவைக் காட்டு."

குனிந்து பார்த்தேன். தரை ஓட்டில் கறுப்பு வளையங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் விலகி, ஏழெட்டு வளையம் இருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. உள்ளே போகப் போகச் சிறுத்து ஒரு புள்ளியில் முடியவே இல்லை. வளையங்களுக்கு நடுவே ஓடு பழைய நிறத்திலேயே இருந்தது.

"நடுவே இல்லை மேடம்."

"அகலம்?"

கையை விரித்து வைத்துப் பார்த்தேன். "ஒரு சாணுக்கு மேல. இவ்வளவு பெரிய கொசுவர்த்தி வேணும்னா, கொசு ஆட்டுக்குட்டி சைசுல வந்திருக்கணும்."

"சமையலறை அலமாரியில ஒரு கொசுவர்த்திப் பெட்டி இருக்குன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருக்கு. பார்த்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். பெட்டி இருந்தது. மேலே விரல் பதியுமளவு தூசி. ஒட்டின காகிதம் கிழியவே இல்லை. திறக்காத பெட்டியைச் சாட்சியாக எழுதிக்கொண்ட மகானை மனசுக்குள் வாழ்த்திவிட்டு வந்து சொன்னேன்.

"அப்போ சுருண்டு கிடந்தது வேற ஏதோ," என்றார் டெஸ்டரம்மா. "வாரிக் கொட்டின குப்பை எங்க?"

நடையில் இரண்டு சாக்குகள் கட்டி வைத்திருந்தார்கள். அடுத்த முக்கால் மணி நேரம் நாங்கள் அந்தச் சாக்குகளைச் சலித்தோம். என் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்தது என்பதற்கு இனிமேல் நான் மட்டும்தான் சாட்சி.

முதலில் கிடைத்தது செம்புக் கம்பி. தலைமுடி கனத்தில் சில இழைகள், சில இடங்களில் உருகி மணிமணியாகத் திரண்டிருந்தன. அதோடு எரிந்தும் எரியாமலும் விரல் நீளத்துக்கு ஒரு ஒயர் துண்டு. மேலே உறை நல்ல தடிமன். டெஸ்டரம்மா அதைக் கத்தியால் குறுக்கே வெட்டி என் கண் முன்னால் நீட்டினார். உள்ளே செம்பு பென்சில் முனை அளவுகூட இல்லை.

"வெளியே பயில்வான், உள்ளே நோஞ்சான்," என்றேன்.

"எக்ஸ்டென்ஷன் ஒயர். ஒரு மின்விசிறி ஓட்டலாம், ஒரு விளக்கு எரிக்கலாம். இதுல ஹீட்டரைப் போட்டா ஒயரே ஹீட்டர் ஆயிடும். அதுலயும் நீளமான ஒயரைச் சுருட்டிக் கட்டி வச்சா, சூடு வெளியே போக வழி கிடையாது. ஒவ்வொரு சுத்தும் பக்கத்துச் சுத்தைச் சுடும். உறை இளகும், கருகும், ஒரு கட்டத்துல பத்தும். அதுவரைக்கும் மெயின் ஸ்விட்சுக்கு ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்கு எல்லாம் சரியா இருக்குன்னு உட்கார்ந்திருக்கும்."

"அப்போ ரிப்போர்ட் எழுதினவர்?"

"வட்டத்தைப் பார்த்தார், வழக்கமா பார்த்த வட்டம் ஞாபகம் வந்திருக்கு."

இரண்டாவதாகக் கிடைத்தவைதான் எங்களைக் கிளப்பின. மூன்று பித்தளை வளையங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் வருமே, அந்த அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த கொக்கி, அழுத்தினால் திறந்து மூடும். ஒன்றின் உள்பக்கத்தில் உருகிய கறுப்பு உறை இன்னும் ஒட்டியிருந்தது.

"சாவி வளையம்," என்றேன்.

"மூணு சாவி வளையம் ஒயரைப் பிடிச்சுக்கிட்டு என்ன பண்ணுது?" அவர் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "ஒயரை ஒருத்தர் அழகாச் சுருட்டி, இதை மாட்டி வச்சிருக்கார். அது யாருன்னு தெரிஞ்சா போதும். வா, நர்ஸைப் பார்ப்போம்."

நர்ஸ் ஒரு சலவைக் கடையின் மாடியில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்த அக்கா, கதவை விடவே இல்லை.

"போலீஸா, பேப்பரா?"

"ரெண்டும் இல்லைங்க," என்றேன். "செத்துப்போனவரோட மகள் எங்களை அனுப்பினாங்க."

"அப்போ ரெண்டையும் விட மோசம்," என்று கதவைச் சாத்தப் போனார்.

உள்ளேயிருந்து, "விடுக்கா, வரட்டும்," என்று குரல் வந்தது.

முப்பது வயதுப் பெண். இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கட்டு. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடையவையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்டரம்மா எதிரில் உட்கார்ந்தார். "கொசுவர்த்தி கொளுத்தினியாம்மா?"

"இல்லைங்க."

"தெரியும். அதனால அதை மறுபடி கேக்க மாட்டேன். சொல்லாம வச்சிருக்கிறது என்ன?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு நாளில் அவளை நம்பி ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அக்கா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு மழை. ஐயாவுக்கு ரொம்பக் குளிருச்சு. ஹீட்டரை ஒண்ணுல வச்சிருந்தேன். பத்தலைன்னு சொன்னாரு. மூணுல வச்சேன். கட்டிலை ஒட்டி வைக்கலைங்க, தள்ளித்தான் வச்சேன். அப்புறம் மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு கீழ ஓடினேன். பத்து நிமிஷம். பேஷன்ட்டைத் தனியா விடக்கூடாதுன்னு எங்களுக்கு ரூல் இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஹீட்டர்னாலதான் தீப்பிடிச்சதா? நான் மூணுல வச்சதாலதானா?"

பொய் ஆறுதல் சொல்கிற பழக்கம் டெஸ்டரம்மாவுக்கு இல்லை. "ஹீட்டர் எதுல சொருகியிருந்துச்சு?"

"எக்ஸ்டென்ஷன் பெட்டியில. அந்த ரூம்ல ஒரே ஒரு பிளக்தான், அது ஆக்ஸிஜன் மிஷினுக்கு. மத்ததெல்லாம் கூடத்துல இருந்து ஒயர் இழுத்து வச்சிருந்தாங்க. ஹீட்டர், ஃபேன், காத்து மெத்தைக்கு ஒரு பம்பு, எல்லாம் அதுலதான்."

"மிச்ச ஒயரைக் கட்டிலுக்கு அடியில சுருட்டி வச்சது யாரு?"

"நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. மாத்திரை ஒண்ணு உருண்டு போச்சுன்னு ஒரு நாள் குனிஞ்சப்போ பார்த்தேன். மூணு இடத்துல வளையம் போட்டு, பின்னல் மாதிரி நேர்த்தியா இருந்துச்சு. யாரோ நல்ல எலக்ட்ரீஷியன் வந்து பண்ணியிருக்காருன்னு நினைச்சேன்."

"வாசனை ஏதாவது வந்துச்சா?"

"முந்தின ரெண்டு நாளா ரப்பர் கருகுற மாதிரி வந்துச்சு. சாயங்காலம் அந்தம்மாகிட்ட போன்ல சொன்னேன். ஹீட்டர் புதுசு, முதல்ல அப்படித்தான் வரும்னாங்க. எனக்கும் சரின்னு பட்டுச்சு." கட்டுப்போட்ட கையைத் தூக்கி முகத்தைத் துடைக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

படியிறங்கும்போது டெஸ்டரம்மா மகளுக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"எலக்ட்ரீஷியனைத் தேடுவோம்," என்றேன். "நேர்த்தியான ஆள். கொலைகாரனுக்கே வேலையில சுத்தம் ஜாஸ்தின்னு நீங்க சொல்லுவீங்களே."

"எந்த எலக்ட்ரீஷியனும் ஹீட்டர் ஒயரைச் சுருட்டிக் கட்டில்கீழ வைக்க மாட்டான். இது கரன்ட் தெரிஞ்சவங்க பண்ணின வேலை இல்லை. கை வேலை தெரிஞ்சவங்க பண்ணினது." அவர் நடையை எட்டிப் போட்டார். "மணி என்ன?"

"ஒண்ணரை."

இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் நாய்ச் சங்கிலி வளையம் என்றார்கள். இரண்டாவது கடையில் பைக்கு மாட்டுவது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் பழைய இரும்பா என்று எடை போடப் பார்த்தார். நாலாவது கடையில் ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாவி வளையம்தானே?" என்றேன், விட மனசில்லாமல்.

"இதுல சாவி மாட்டினா பை கிழிஞ்சிடும் தம்பி. இது திரைக் கொக்கி. வீட்டு ஜன்னலுக்குப் போடுறது இல்லை. மேடையில, பெரிய மண்டபத்துல எல்லாம் கனமான வெல்வெட் திரை தொங்குமே, அதுக்கு. இவ்வளவு கனத்துல பித்தளையில யாரும் வாங்குறதில்லை."

"யாருமே இல்லையா?"

"ஒரே ஒரு இடம். பஸ் டிப்போவுக்குப் பின்னால ஒரு பட்டறை. மேடைத் திரை தைக்கிறவங்க. அங்க மட்டும்தான் நான் அனுப்புறேன்."

டெஸ்டரம்மாவின் முகம் மாறியது. என்ன என்று கேட்டேன். "வா," என்றார், அவ்வளவுதான். ஆட்டோவில் போகும்போது நான் இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டுக்கும் அவர் திரும்பவில்லை. மூன்றாவதை நானே விழுங்கிவிட்டேன்.

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது. மேலேயிருந்து கருஞ்சிவப்பு வெல்வெட் மடிமடியாகத் தொங்கியது. கழுத்தில் அளவு நாடா போட்ட மேற்பார்வையாளர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். டெஸ்டரம்மா கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார்.

"எங்க கொக்கிதான். ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"இதை ஒயர் கட்ட யாராவது பயன்படுத்துவாங்களா?"

"இங்க எல்லா ஒயரும் அப்படித்தாங்க கட்டியிருக்கும். பாருங்க." அவர் கையை நீட்டினார். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் கச்சிதமாகச் சுருட்டப்பட்டு, மூன்று மூன்று பித்தளை வளையங்களோடு பளபளத்தன. "போன வருஷம் ஒரு பொண்ணு ஒயர் தடுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிச்சு. அதுலேர்ந்து எங்க மூத்த அக்கா ஒருத்தங்க இதைத் தன் வேலையா எடுத்துக்கிட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு விடாம பார்த்துட்டுத்தான் போவாங்க. பாவம், அவங்க அப்பா இப்பத்தான் தவறிட்டாரு. இன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்காங்க."

கடைசி மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் தூக்கினார்.

எங்களை அனுப்பிய அதே மகள்.

எங்களைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேகமாக வந்தார். "ஒத்துக்கிட்டாளா?"

டெஸ்டரம்மா அவரைச் சத்தம் குறைந்த ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். நான் கூடவே போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

"அப்பா ரூமுக்கு ஒயர் இழுத்தது நீங்களா?"

"ஆமா மேடம். ஹீட்டர் வாங்கினப்போ. பஸ் ஸ்டாண்டு வாசல்ல தள்ளுவண்டியில வாங்கினேன். பத்து மீட்டர். அதுதான் இருந்துச்சு. பார்க்க நல்ல தடியா, கெட்டியா இருந்துச்சு."

"மிச்சத்தைச் சுருட்டினது?"

"நான்தான். ரூம் முழுக்க ஒயர் பரந்து கிடந்தது. அப்பா ஒரு நாள் கழிவறைக்குப் போகும்போது கால்ல மாட்டி விழுந்துட்டார். இடுப்புல நல்ல அடி. அன்னைக்கே எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி, கண்ணுல படாம கட்டிலுக்கு அடியில..." பேசிக்கொண்டே வந்தவரின் கண் டெஸ்டரம்மாவின் கையிலிருந்த வளையங்களில் நின்றது. "இது என்ன?"

டெஸ்டரம்மா அவரைக் கையைப் பிடித்து இஸ்திரி மேசைக்கு அழைத்துப் போனார். கீழே சுருட்டி வைத்த ஒயரைக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்க."

மகள் குனிந்து கையை வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு, அவராகவே, மறுபடி வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"சுடுது," என்றார்.

"இது நல்ல ஒயர். இதுவே இப்படிச் சுடுது. அங்க இருந்தது இதுல கால்வாசிச் செம்புகூட இல்லாதது. ஹீட்டர் ஓட ஓட சுருள் கொதிச்சிருக்கு. மேல மெத்தை, சுத்தித் தொங்குற விரிப்பு. கொசுவர்த்தி யாரும் கொளுத்தலம்மா. தரையில இருந்த தடம் அந்த ஒயரோடது."

இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மகள் மேசையடியில் குந்தியபடியே இருந்தார். டெஸ்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கையை எடுத்துவிட்டார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"ரப்பர் வாசனை வருதுன்னு அவ சொன்னா," என்றார் மகள். "ஹீட்டர் புதுசுன்னு நான்தான் சொன்னேன்."

அவர் சிவந்த உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"அப்போ அப்பாவை நான்..."

"நீங்க அவர் விழக்கூடாதுன்னு பண்ணினீங்க. தீ அங்கிருந்துதான் வந்துச்சு. ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்க என்னால முடியாது."

மகள் தணிந்த குரலில் கேட்டார். "இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லலைன்னா?"

நான் டெஸ்டரம்மாவைப் பார்த்தேன்.

"நீங்க கேட்டது ஏன் அவ பொய் சொல்றான்னு. அவ பொய் சொல்லல. உங்களுக்கு நான் பார்க்க வேண்டிய வேலை அதோட முடிஞ்சுது," என்றார் டெஸ்டரம்மா. "நாலு மணிக்கு நான் ஸ்டேஷன்ல இருப்பேன். செம்பும் வளையமும் எஸ்.ஐ. மேசைக்குப் போகும். நீங்க வந்து உங்க வாயால சொன்னா அந்தப் பொண்ணுக்கு அது வேற மாதிரி இருக்கும். வரலைன்னாலும் நான் உங்களைத் திட்ட மாட்டேன். அது உங்க விஷயம்."

மணி மூன்று. நாங்கள் வாசலுக்கு நடந்தோம். பாதி வழியில் பின்னால் இயந்திரச் சத்தம் ஒட்டுமொத்தமாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். மகள் மெயின் ஸ்விட்சை இறக்கியிருந்தார். மேற்பார்வையாளர் என்னவென்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். மகள் அவருக்குப் பதில் சொல்லாமல் முதல் மேசையடியில் உட்கார்ந்து வளையங்களைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றி, ஒயரை உதறி நீட்டிப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் என்ன ஏது என்று கேட்காமலே குனிந்து கூடச் சேர்ந்துகொண்டாள். எல்லா மேசையும் முடிய இருபது நிமிஷம் ஆயிற்று.

டெஸ்டரம்மா காத்திருந்தார். மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களோடு ஆட்டோவில் ஏறினார்.

காவல் நிலையத்தில் நர்ஸும் அக்காவும் எங்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும் அக்கா தங்கையை மறைத்தாற்போல நகர்ந்து உட்கார்ந்தார். மகள் அவர்களைத் தாண்டி நேராக எஸ்.ஐ.யின் மேசைக்குப் போனார்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தள்ளுவண்டி, பத்து மீட்டர், அப்பா விழுந்தது, மூன்று வளையம், ரப்பர் வாசனை என்று போனில் கேட்டது, தான் சொன்ன பதில். எதையும் விடவில்லை.

எஸ்.ஐ. செம்பு இழைகளை விரலில் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு மெல்லிசா?"

"அந்தத் தள்ளுவண்டியில இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கோ," என்றார் டெஸ்டரம்மா. "எத்தனை வீட்டுக்குப் போயிருக்கோ."

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "இதை எழுத்துல கொடுப்பீங்களாம்மா? உங்க மேலயே கேஸ் வரலாம்."

"கொடுக்கிறேன்."

அரை மணி நேரம் எழுதினார்கள். தீயணைப்பு அதிகாரிக்கு அறிக்கை திரும்பிப் போகும் என்றும், அதுவரை நர்ஸ் வீட்டுக்குப் போகலாம் என்றும் எஸ்.ஐ. சொன்னார். அக்கா உடனே எழுந்து பையைத் தோளில் மாட்டினார். நர்ஸ் எழவில்லை.

மகள் பெஞ்சுக்கு வந்தார். உட்காரலாமா என்று கேட்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"ஹீட்டரை மூணுல வச்சது நான்தாங்க," என்றாள் நர்ஸ்.

"குளிருதுன்னு அப்பா கேட்டாரா?"

"ஆமா."

"அப்போ நீ வச்சது சரிதாம்மா. நானா இருந்தாலும் வச்சிருப்பேன்." மகள் அந்தக் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார். தொடக் கை போயிற்று, பாதியில் நின்றது. "நான் உன்னைப் பத்தி எல்லார்கிட்டயும் என்னென்னவோ சொல்லிட்டேன்."

நர்ஸ் மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. டெஸ்டரம்மா எனக்குக் கண் காட்டினார், கிளம்பலாம் என்று. நான் குடையை எடுக்கும்போது மகள் கேட்டது காதில் விழுந்தது.

"ஹீட்டர் வச்சதும் அப்பா ஏதாவது சொன்னாரா?"

நர்ஸ் அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்பத்தான் நல்லாருக்குன்னு சொன்னாரு. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டாரு. லாரியில மலைப்பாதை ஏறும்போது இன்ஜின் பக்கம் காலை வச்சுக்குவேன், அந்தச் சூடு மாதிரி இருக்குன்னாரு."

மகளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமில்லாமல் அழுதார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட லாரி பத்திப் பேசவே மாட்டார்," என்றார். "வேற என்ன சொல்லுவார்?"

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நர்ஸ் தான் வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.